பனிக்கட்டி பிடித்த டெஸ்ட்ராயர்: சன்போர்டில் 'இகாசுச்சி' செய்யும் முறை

கப்பல் மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் பீரங்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வட பசிபிக் கடலில் ஓடிய ஜப்பானியப் போர்க்கப்பல் என்றால் எந்த மாதம் என்பதிலிருந்து தொடங்குங்கள். அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் அட்டு, கிஸ்கா இரண்டையும் ஜப்பான் 1942 ஜூனில் பிடித்தது. அடுத்த ஆண்டு ஜூலை முடிவதற்குள் இரண்டும் கைவிட்டுப் போயின. ஜூலையில் அந்தக் கடலில் இருந்தது மூடுபனி. 1943 ஜூலை 29 அன்று ரியர் அட்மிரல் கிமுரா மசாதோமி அந்த மூடுபனிக்குள் புகுந்து, கிஸ்காவில் மாட்டிக்கொண்டிருந்த 5,000க்கும் மேற்பட்டவர்களை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் காட்சியைச் செய்துவிட்டு மேல்தளத்தில் பனிக்கட்டி ஒட்டினால் அது பொய். பனிக்கட்டி வேண்டுமென்றால் மார்ச்சுக்குப் போக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது 1943 மார்ச், கப்பல் இகாசுச்சி என்ற டெஸ்ட்ராயர், அதாவது வேகமான சிறு போர்க்கப்பல். ஜெய்ஹிந்துபுரத்தில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருப்பதால் சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகைத் துண்டுக்கும் பெயிண்டுக்கும் எனக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் கப்பலைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. 1942 மார்ச் 2 அன்று ஜாவா கடலில், மூழ்கிய எதிரிக் கப்பல்களின் ஆட்கள் மிதந்துகொண்டிருந்தபோது, அதன் கேப்டன் குடோ ஷுன்சாகு கப்பலை நிறுத்தி 400க்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். வெந்நீர் போன்ற அந்தக் கடலில் ஓடிய கப்பல் ஒரே வருடத்தில் வடகோடிக்குப் போய்விட்டது. வைஸ் அட்மிரல் ஹொசொகாயா பரமுஷிர் தீவிலிருந்து அட்டுவுக்குச் சரக்குக் கப்பல்களை அழைத்துப் போன அணியில் அதுவும் இருந்தது. மார்ச் கடைசி வாரத்தில் கொமாண்டோர்ஸ்கி தீவுகளுக்குத் தெற்கே அமெரிக்கக் கப்பல்களோடு மணிக்கணக்கில் பீரங்கிச் சண்டை நடந்தது. சரக்கு அட்டுவுக்குப் போய்ச் சேரவில்லை. நீங்கள் சண்டை நாளைச் செய்ய வேண்டாம். அன்று கடல் ஓரளவு அடங்கிக் கிடந்தது. வழியில் அலை ஏறி அடிக்கும் ஒரு நாளைச் செய்யுங்கள், அதில்தான் ஆட்களின் பாடு தெரியும்.

அளவுக்கு 1/200 எடுங்கள். கப்பலின் நீளம் 118 மீட்டர், அகலம் 10.4 மீட்டர். மேசையில் 59 சென்டிமீட்டருக்கு 5.2 சென்டிமீட்டர் வரும். 1/700ல் ஜப்பானியக் கம்பெனிகள் பிளாஸ்டிக் பெட்டியாகவே விற்கிறார்கள், 17 சென்டிமீட்டர் கப்பல். அதில் ஒரு ஆள் இரண்டு மில்லிமீட்டர்தான், குளிரில் ஒடுங்குவதை எப்படிக் காட்டுவது? 1/200ல் ஆள் 8 மில்லிமீட்டர், அதாவது ஒரு பாஸ்மதி அரிசி உயரம். தோளைக் குனிய வைக்கலாம்.

உடல் பாகம் சுலபம். கடல் மட்டத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம். 5 மி.மீ. சன்போர்டை வெட்டி அடுக்கி, தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஆசாரிகள் வாங்கும் சின்ன அரத்தால் ராவுங்கள். மூக்குப் பக்கம் மேலே போகப் போக வெளியே விரிய வேண்டும், அலையைத் தள்ளிவிடுவதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். முன்தளம் பிரிட்ஜ் (கப்பலை நடத்தும் மேல் அறை) வரை ஒரு படி உயரம், அங்கிருந்து சட்டென்று இறங்கும். அந்தப் படிக்கு 12 மி.மீ. விடுங்கள். இரட்டைக் குழல் பீரங்கிக் கூண்டு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. டார்பிடோ குழாய் மும்மூன்றாக மூன்று இடத்தில். புகைபோக்கி இரண்டில் முன்னது ஒல்லி. இந்த வகைக் கப்பல்களில் கொதிகலன் மூன்றாகக் குறைந்ததால் வந்த ஒல்லி அது. அதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே பருமனாகச் செய்தால் கப்பல் வேறாகிவிடும்.

மேல்தளத்தில் பலகை கிடையாது. லினோலியம் என்ற செம்பழுப்புத் தரைவிரிப்பை விரித்து, குறுக்கே பித்தளைப் பட்டை அடித்திருப்பார்கள். இதற்கு நம்மூர் ஜரிகை இழையை விட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. விளக்குத்தூண் பக்கம் நூல் கடையில் கேளுங்கள், நாலு மீட்டர் போதும். ஒன்பது மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டுங்கள். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்து, நீலம் ஒரு துளி. விலாவில் கப்பல் பெயரை எழுதிவிடாதீர்கள். பெயர் எழுதுவதே தொழிலான எனக்கே கை அரித்தது, ஆனால் போர்க்காலத்தில் அவற்றை அழித்திருந்தார்கள்.

பிரிட்ஜைச் சுற்றி ஒரு வேலை இருக்கிறது. ஜப்பானியக் கடற்படையில் மாலுமிகள் படுக்கும் கேன்வாஸ் தூளிகளைச் சுருட்டி, குண்டுச் சிதறல் உள்ளே வராமலிருக்க பிரிட்ஜின் வெளிப்பக்கம் வரிசையாகக் கட்டுவார்கள். பழைய பருத்தி வேட்டிக் கரையை ஒட்டிய நூல்களை முறுக்கி, 7 மி.மீ. துண்டாக வெட்டினால் அப்படியே இருக்கும். முன்பக்கத் தூளிகளைப் பனிக்கட்டியில் விறைத்ததாகக் காட்டுங்கள்.

இனி பனிக்கட்டி. இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மாடலின் உயிர் இதில்தான்.

கடல்நீர் உறைவது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியில். காற்று அதற்குக் கீழே போய், வேகமாகவும் அடித்தால், மூக்கு அலையில் இறங்கி எழும்போது தெறிக்கும் நீர் பட்ட இடத்திலேயே உறைகிறது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடத்தில் வெறும் 10 சென்டிமீட்டர் தடிமன் என்றாலே சுமார் 9 டன். அந்த எடை எல்லாம் மேலே ஏறுகிறது. ஜப்பானியக் கடற்படைக்கு மேல்பாரம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 1934 மார்ச்சில் டொமோசுரு என்ற டார்பிடோ படகு புயலில் கவிழ்ந்தது. 1935 செப்டம்பரில் சூறாவளிக்குள் சிக்கிய ஹட்சுயுகி, யூகிரி என்ற இரண்டு டெஸ்ட்ராயர்களின் மூக்கே ஒடிந்து போனது. இரண்டும் இகாசுச்சியின் உறவுக் கப்பல்கள்தான். பிறகு கப்பல்களை உறுதிப்படுத்தி, மேல்பாரத்தையும் குறைத்தார்கள். குறைத்த பாரத்தைப் பனிக்கட்டி திரும்ப ஏற்றும்போது மரச் சுத்தியும் மண்வெட்டியும் எடுத்து உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கலவைக்குக் கல் கோலமாவும் ஃபெவிகாலும். அரிசிக் கோலமாவு வேண்டவே வேண்டாம், எறும்பு வந்துவிடும். மெழுகு சித்திரை வெயிலில் இளகும். சமையல் சோடாவை ஃபெவிக்விக்கோடு சேர்த்தால் அப்போதைக்குப் பளபளக்கும், போகப் போக மஞ்சளாகும். உப்புநீர்ப் பனிக்கட்டி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்காது, பால் கலந்தது போல மங்கலாக இருக்கும். கோலமாவு அந்த மங்கலைத் தானாகவே தருகிறது. 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மாடலில் அரை மில்லிமீட்டர். ஒரே தடவையில் அப்பாதீர்கள். மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது. மதுரை மத்தியான வெயிலில் ஃபெவிகால் மேலே தோல் கட்டிவிடும், அதனால் இரவில் பூசுங்கள்.

எங்கே பூசுவது என்பதைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். காற்று இடப்பக்கமிருந்து அடிப்பதாக வைத்தால், பனிக்கட்டி இடப்பக்கம் தடித்தும் வலப்பக்கம் மெலிந்தும் இருக்கும். நங்கூரச் சங்கிலி, முன் பீரங்கிக் கூண்டின் முகம், பிரிட்ஜின் முன்சுவர் ஆகியவற்றில் அதிகம். கம்பிகள் கை பருமனுக்கு வீங்கும். பின்தளத்துக்குப் போகப் போகக் குறையும். புகைபோக்கியின் சுவரில் ஒன்றுமே ஒட்டக் கூடாது, அது சூடு. புகைபோக்கியைச் சுற்றிய தரையை ஈரமாக விடுங்கள், கொஞ்சம் வார்னிஷ் போதும். பனிக்கம்பிகளுக்கு, தெளிந்த பிளாஸ்டிக் பேனா உடலை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் முடி போல நீளும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

பூசி முடித்துக் காட்டியபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இவ்வளவு ஐஸையும் யாரு உடைக்கிறது? ஆளே இல்லையே?" அவள் கேட்ட கேள்விக்குத்தான் இந்த மாடல் முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கப்பலில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேரையும் வெளியே வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கொதிகலன் அறையில் வேர்த்துக்கொண்டு நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். வெளியே வைப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை வளைத்து, ஃபெவிகால் கோலமாவுக் கலவையால் உடம்பு ஏற்றுங்கள். தலையை மூடிய மேலங்கி, பருத்த கையுறை. பிரிட்ஜின் இரண்டு பக்கமும் பெரிய பைனாகுலரில் கண் வைத்த பார்வையாட்கள். ரேடார் இல்லாத கப்பலுக்கு அந்தக் கண்கள்தான் ரேடார், அதனால் பைனாகுலர் முன்னால் உள்ள பனிக்கட்டியை உடைத்துச் சுத்தமாகக் காட்டுங்கள். முன்தளத்தில் நாலைந்து பேர் சுத்தியோடு. அவர்கள் உடைத்த இடத்தில் சாம்பல் பெயிண்ட் தெரிய வேண்டும், பக்கத்தில் பனித்துண்டுகள் சிதறிக் கிடக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி விடுங்கள்.

நடுத்தளத்தில் இருவர் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். சாப்பாடு சமையலறையிலிருந்து அப்படித்தான் ஒவ்வொரு குழுவுக்கும் போனது. வாளிக்குள் வெள்ளைச் சோறு வைக்காமல் லேசான பழுப்பு கொடுங்கள், அது பார்லி கலந்த சோறு. 1882-83ல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் போய், 169 பேருக்கு பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வந்து 25 பேர் இறந்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசியே சாப்பாடாக இருந்ததன் விளைவு. கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோ உணவை மாற்றினார், பார்லி வந்தது. நெல்லைப் புழுக்கிக் குத்துகிற நம் ஊர் வழக்கம் அதே நோயிலிருந்து காத்தது என்பதால் அந்த வாளி மேல் எனக்குத் தனி ஒட்டுதல்.

கடலுக்கு தெர்மாகோல் பலகை, மேலே டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் கசக்கி ஒட்டுங்கள். நாலு மீட்டர் அலைக்கு 2 சென்டிமீட்டர் உயரம். ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும், அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுங்கள். ராமேஸ்வரத்து நீலம் இங்கே வராது. கரும்பச்சையும் சாம்பலும் கலந்து, நுரைக்கு மட்டும் வெள்ளை.

அடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்: கப்பல் பெயர், 1943 மார்ச், 1944 ஏப்ரலில் அமெரிக்க நீர்மூழ்கி ஹார்டர் தாக்கியதில் ஒருவர் கூடத் தப்பாமல் மூழ்கியது. பிறகு கண்ணாடிப் பெட்டி போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழையில் ஃபெவிகால் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும், அதனால் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டை கடல் பலகைக்கு அடியில் வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.