ராக் இசைக்குழுவின் முதல் காணொளி: வேலூர்ப் பக்கத்துக் குழுக்களுக்குச் சில யோசனைகள்

காணொளி எடுக்கத் தீர்மானித்த குழு, கேமராவை வாடகைக்குப் பேசுவதற்கு முன்பாக ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: பாடலை ஒருமுறை பார்த்தவர், குழுவின் பெயர் நினைவுக்கு வராதபோது, அதைத் தன் நண்பரிடம் எப்படி அடையாளம் சொல்வார்? 1969-இல் ஹூஸ்டனில் தொடங்கிய ஸீஸீ டாப் குழு பல ஆண்டுகள் நன்றாகவே வாசித்துக்கொண்டிருந்தது. ஆனால் 1983-இல் வந்த காணொளிகளில் இடம்பெற்ற சிவப்பு நிற 1933 ஃபோர்டு காரும், மார்பு வரை தொங்கிய இரண்டு தாடிகளும், கறுப்புக் கண்ணாடிகளும்தான் அவர்களைப் பதின்ம வயதினரிடம் கொண்டு சேர்த்தன. 1981 ஆகஸ்ட் 1 அன்று, பாடல் காணொளிகளுக்கென்றே வந்த அமெரிக்கத் தொலைக்காட்சியான எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, வானொலியில் குரலாக மட்டும் அறியப்பட்டிருந்த குழுக்களுக்குத் தோற்றம் என்பது தவிர்க்க முடியாத வேலையாகிவிட்டது.

உடையை முதலில் முடிவு செய்யுங்கள். கறுப்புத் தோல் ஜாக்கெட் ராக் இசையின் சீருடை என்று நம் பிள்ளைகளில் பலரும் நம்புகிறார்கள்; ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நமக்கு அது எளிதாகவும் கிடைக்கும். ஆனால் கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரின் முகத்தில் ஆவேசம் தெரியாது, அவதிதான் தெரியும். எங்கோ பார்த்த ஒரு குழுவின் சாயல் என்பதைத் தவிர பார்ப்பவருக்கு அது எதையும் சொல்வதுமில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் ஒரே மாதிரியான கோட்டும் சூட்டும் அணிந்து வந்தார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்த இசை காதில் விழுவதற்கு முன்பே, அம்பேத்கரை நினைவூட்டிய அந்த உடை அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டது. நீங்கள் வேட்டி கட்டினாலும் பட்டறைச் சட்டை போட்டாலும், பாடலின் பொருளோடு அதற்குத் தொடர்பு இருக்கட்டும். குழுவில் ஒருவர்கூட அதிலிருந்து விலகாமல் இருக்கட்டும்.

அடுத்தது இடம். வேலூர் என்றதும் எல்லோரும் கோட்டைக்கு ஓடுகிறார்கள். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலியும் விளக்குகளும் வைத்துப் படமெடுக்க முன் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தாலும் நான் அங்கே எடுக்கச் சொல்லமாட்டேன். அகழிக் கரையில் நின்றெடுத்த கல்யாண ஆல்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உங்கள் காணொளியும் அவற்றில் ஒன்றாகவே தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்து கிடக்கும் ஷூ கம்பெனிக் கொட்டகை, தகரக்கூரை போட்ட அரிசி ஆலை, காட்பாடிப் பக்கம் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும் ஏதேனும் ஒரு குன்றின் அடிவாரம் ஆகியவை, உரிமையாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டால், செலவில்லாமல் உங்களுடையதாகும் இடங்கள். பாலாற்று மணலில் எடுப்பதானால் விடிந்ததும் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்து கண்குழிகளை இருட்டாக்கிவிடும்.

யாருக்காகப் பாடுகிறீர்கள் என்பதைத் திரையில் காட்ட வேண்டியதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான வேலை. நிர்வாணா குழு 1991-இல் வெளியிட்ட புகழ்பெற்ற காணொளியில், பள்ளி உடற்பயிற்சிக் கூடம் போன்ற ஓர் அரங்கில் இளைஞர்கள் படிவரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இயக்குநர் சாமுவேல் பேயர் அவர்களை மணிக்கணக்காக உட்கார வைத்திருந்தார். கடைசியில் இறங்கி ஆட அனுமதி கிடைத்தபோது அவர்களிடமிருந்து வெடித்தது நடிப்பல்ல, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த எரிச்சல். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பதின்ம வயதினர் தங்களை அந்தக் கூட்டத்தில்தான் கண்டார்கள், பாடகரிடத்தில் அல்ல. ஆகவே உங்கள் காணொளியில் நிற்கும் கூட்டத்தை அலட்சியமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். விஐடி விடுதி நண்பர்களை மட்டுமே நிற்க வைத்தால், குடியாத்தத்திலிருந்து பார்க்கும் ஒரு பாலிடெக்னிக் மாணவர் இது தனக்கானதல்ல என்று நகர்ந்துவிடுவார். பெண்களே இல்லாத கூட்டமானால், பார்ப்பவர்களில் பாதிப்பேரை நீங்களே வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் ஆவீர்கள்.

படப்பிடிப்பில் பாடலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதற்கு வாயசைப்பதே வழக்கம். இங்கேதான் புதிய குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆம்ப்புக்கு, அதாவது கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு, மின்சாரம் தேவையில்லை, ஆனால் கிதாரிலிருந்து அதற்கு ஒயர் போயாக வேண்டும். ஒயர் இல்லாத கிதாரைக் கண்டுபிடிப்பதற்கென்றே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். டிரம்மர் தட்டுவதுபோல் பாவனை செய்தால் தோள்பட்டை காட்டிக்கொடுத்துவிடும். டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் அடிப்பக்கத்தில் துணியை ஒட்டிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உண்மையாகவே அடிக்கச் சொல்லுங்கள். பாடகரும் குரலை வெளியே விட்டே பாடட்டும், கழுத்து நரம்பு புடைக்காத ராக் பாடகரை யாரும் நம்புவதில்லை. மெதுவான அசைவும் வேண்டும், உதடும் பொருந்த வேண்டும் என்றால், பாடலை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்திற்கே பாடி, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து, எடிட்டிங்கில் 25-ஆக ஓட்டுங்கள். உதடு சரியாக விழும், தலைமுடி மட்டும் காற்றில் மிதக்கும். இதை வீட்டிலேயே பலமுறை பழகிக்கொண்டு வருவது நல்லது, ஏனெனில் இருமடங்கு வேகத்தில் சொற்கள் குழறும்.

செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஓகே கோ குழு 2006-இல் எட்டு டிரெட்மில்களின் மேல் ஒரே ஷாட்டில் ஆடி எடுத்த காணொளி, மறு ஆண்டில் கிராமி விருது பெற்றது. எனினும் அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: இன்றும் பலருக்கு அந்த ஆட்டம் தெரியும், பாடல் தெரியாது. யோசனை எவ்வளவு புதுமையாக இருந்தாலும், பல்லவி வரும் நேரத்தில் கண் பாடகரின் முகத்திற்கோ வாசிக்கும் விரல்களுக்கோ திரும்புமாறு எடிட் செய்யுங்கள்.

கதை வேண்டுமா என்று கேட்டால், முதல் காணொளிக்கு வேண்டாம் என்பேன். சினிமாப் பாடலில் ஊறிய நம் ரசிகர்கள் கதை தொடங்கியதும் நாயகனைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்; குழு பின்னணிக்குப் போய்விடும்.

வெளியிடும்போது, குழுவின் பெயர் மட்டும் சுழலும் முன்னோட்டத்தை வெட்டிவிட்டு நேராக இசையில் தொடங்குங்கள். கைப்பேசிக்காகச் செங்குத்து வடிவில் ஒரு துண்டு தேவைப்படும் என்பதால், எடுக்கும்போதே ஆட்களைச் சட்டத்தின் நடுப்பகுதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைய உடையிலும் வெளிச்சத்திலும் சில நல்ல புகைப்படங்களையும் எடுத்து வையுங்கள். கல்லூரி விழாக்காரர்கள் சுவரொட்டிக்குப் படம் கேட்பது பெரும்பாலும் முந்தைய நாள் இரவில்தான். அப்போது யாரோ ஒருவரின் பிறந்தநாள் செல்ஃபியை அனுப்பிவைக்கும் நிலை வராது.