பிப்ரவரி 30 உள்ள தரவை வரைபடமாக்குவது எப்படி

காலநிலை மாதிரிகளின் (பூமியின் காலநிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள்) தரவு பெரும்பாலும் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவத்தில் வரும். அந்தக் கோப்பைத் திறந்ததும் நான் முதலில் படிப்பது நேர மாறியின் இரண்டு குறிப்புகளை: அலகு, காலண்டர். பிரிட்டனின் யூகேஈஎஸ்எம் மாதிரியில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், வருடத்துக்கு 360 நாள். அமெரிக்காவின் சிஈஎஸ்எம்மில் லீப் வருடமே கிடையாது. ஆகவே பிப்ரவரி 30 என்று ஒரு தேதி வந்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். அந்த மாதிரியின் உலகத்தில் அது உண்மையான நாள்.

அலகில் பெரும்பாலும் "1850 ஜனவரி 1 முதல் நாட்கள்" என்று இருக்கும். கோப்பில் உள்ள நாள் எண்ணிக்கையை நம் சாதாரணக் காலண்டரில் அந்தத் தேதியோடு அப்படியே கூட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. 360 நாள் காலண்டரின் 1885 ஜனவரி 1, நம் காலண்டரில் 1884 ஜூலை 1-இல் போய் விழும், பருவமே தலைகீழ். 2100 ஜனவரி 1 என்பது 2096 மே 30 ஆகிவிடும். லீப் இல்லாத காலண்டரில் 2100-க்குள் 61 நாள் பிசகும். ஆண்டுச் சராசரியை மட்டும் வரைந்தால் இதெல்லாம் கண்ணில் படவே படாது. அதனால் மாதவாரியாக ஒருமுறை வரைந்து, குளிர் எந்த மாதத்தில் வருகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்அரே என்ற தொகுப்பைக் கொண்டு திறந்தால், காலண்டர் குறிப்பு சரியாக இருக்கும்வரை அதுவே சிஎஃப்டைம் தேதிகளாக (இத்தகைய காலண்டர்களையும் கையாளும் தேதி வகை) மாற்றிக்கொள்ளும். வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்புக்கு அந்தத் தேதிகள் புரியாது; என்சி-டைம்-ஆக்சிஸ் என்ற சிறு தொகுப்பையும் நிறுவுங்கள். அச்சின் எல்லைகளையும் அதே காலண்டரின் சிஎஃப்டைம் தேதியாகவே கொடுக்க வேண்டும்.

மாதிரியை மட்டும் வரைகிறீர்களா? காலண்டரை மாற்றவே வேண்டாம். அளவீட்டுத் தரவோடு ஒப்பிடும்போதுதான் மாற்றம் தேவை. அப்போதும் முதலில் மாதச் சராசரி எடுத்துவிட்டு, அப்புறம் மாற்றுவதே என் வழக்கம். தினசரி ஒப்பீடு வேண்டுமென்றால் எக்ஸ்அரேயின் கன்வர்ட்-காலண்டர் என்ற கட்டளையில் சீரமைப்பை (align_on) "இயர்" என்று வையுங்கள். விடுபடும் நாட்கள் வருடம் முழுக்கப் பரவிவிடும். "டேட்" என்று வைத்தால் பிப்ரவரி 30-இன் தரவு போய்விடும், 31-ஆம் தேதிகள் எல்லாம் காலியாக இருக்கும்.

அந்தக் காலி நாட்களை வெப்பநிலைக்கு இடைக்கணிப்பால் (முன்பின் நாட்களின் மதிப்பிலிருந்து கணித்து) நிரப்பலாம். மழைக்கு மட்டும் வேண்டாம்: மாதிரியில் பெய்யாத மழை ஆண்டு மொத்தத்தில் ஏறிவிடும்.