எழுத்து வருடத்தோடு சேர்ந்து தானாக வளராது

திருகோணமலையில் பாடசாலை மலர், கோயில் மலர், சங்க மலர் என்று ஏதாவது ஒரு மலர் எப்போதும் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்கு வருகிற கட்டுரைகளையும் கதைகளையும் நெடுநாளாக வாசித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். உயர்தரம் படிக்கும்போது முதல் கட்டுரை தந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளின் கட்டுரையோடு தங்களுடையதையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அப்படி ஒரே ஆளின் எழுத்தைப் பல வருட இடைவெளியில் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சிலரின் எழுத்து அடையாளம் தெரியாத அளவுக்கு உயர்ந்திருக்கிறது. வேறு சிலரின் எழுத்து, அவர்கள் விடாமல் எழுதிவந்தபோதும், அதே இடத்தில் நிற்கிறது. திறமையில் இரு பகுதியினரும் குறைந்தவர்கள் அல்லர். வேறுபாடு சில பழக்கங்களில் இருக்கிறது. தவறான பழக்கங்களை முதலிலேயே தெரிந்துகொண்டால் பல வருடங்கள் மிச்சமாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான்: "எழுதிக்கொண்டே இருந்தால் போதும், கை தானாகப் பழகிவிடும்" என்ற நம்பிக்கை. கை பழகும், உண்மை. வேகம் வரும், பயம் போகும். ஆனால் பழகிய கை பழகியதையே திரும்ப எழுதும். எழுத்துத் திறன் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் கெலாக், 2008இல் அதை மூன்று படிகளாக விளக்கினார். முதல் படியில் எழுதுபவர் தனக்குத் தெரிந்ததை நினைவில் வருகிற வரிசையில் சொல்லிவிடுகிறார். இரண்டாம் படியில், எழுதும் செயலே அவருடைய எண்ணத்தை மாற்றுகிறது. மூன்றாம் படியில், வாசிப்பவர் இதை எப்படி விளங்கிக்கொள்வார் என்பதையும் மனத்தில் ஏந்திக்கொண்டு எழுதுகிறார். இந்த மூன்றாம் படிக்கு வந்துசேர இருபது வருடங்களுக்கு மேல் பயிற்சி வேண்டும் என்பது அவர் கருத்து.

உதாரணத்துக்கு, திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்வோம். முதல் படியில் நிற்பவர் இப்படி எழுதுவார்: கன்னியாவில் ஏழு கிணறுகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் சூடு வேறுபடும், இராவணனோடு தொடர்புபடுத்திக் கதை சொல்வார்கள், நாங்கள் குடும்பத்தோடு போய்க் குளித்தோம், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. இதில் ஒரு பிழையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நல்ல கட்டுரை. இரண்டாம் படிக்கு வந்தவர் எழுதிக்கொண்டு போகும்போதே ஓரிடத்தில் தயங்குவார். இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய நம் ஆட்கள் அங்கேதானே போகிறார்கள்? இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்றுதானே கதையும் சொல்கிறது? அப்படியானால் நான் எழுத வேண்டியது குளியலைப் பற்றியா, துக்கத்தைப் பற்றியா? இந்தக் கேள்வி எழுத உட்காருவதற்கு முன் அவரிடம் இல்லை. எழுதியதால் வந்தது. மூன்றாம் படியில் இருப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். கன்னியாவைக் கண்ணால் பார்க்காத மலையக வாசகருக்கு அந்தக் கிணறுகளின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். உப்புவெளியில் இருப்பவருக்கு அதையே நீட்டினால் சலித்துவிடும். இருவரையும் இழக்காமல் எத்தனை வரியில் சொல்லலாம் என்று அவர் கணக்குப் போடுவார்.

எழுதிக்கொண்டே இருப்பவர்கள் பலர் முதல் படியில் நின்றுவிடுவதற்குக் காரணம், அவர்கள் திருப்பி எழுதுவதில்லை. நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய இழப்பு இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் கூட நேரம் செலவழிக்கிறேன்.

திருத்துவது என்றால் பெரும்பாலானோர் எழுத்துப்பிழை பார்ப்பதும் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் போடுவதும் என்று நினைக்கிறார்கள். நான்சி சொமர்ஸ் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் 20 மாணவர்களையும் 20 அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பி எழுதினார்கள். மாணவர்கள் பெரும்பாலும் சொற்களை மாற்றினார்கள். அனுபவமுள்ளவர்கள் தாங்கள் சொல்லவந்த விஷயத்துக்கு ஒரு வடிவம் தேடினார்கள். பந்திகளைத் தூக்கினார்கள், புதிதாகச் சேர்த்தார்கள், வாசகர் எங்கே தடுமாறுவார் என்று பார்த்தார்கள். நம்மூர்க் கையெழுத்துப் பிரதிகளிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறேன். "அழகான கடற்கரை" என்பதை வெட்டி "எழில்மிகு கடற்கரை" என்று எழுதியிருப்பார். கடற்கரை அந்தக் கட்டுரைக்கு வேண்டுமா என்று யோசித்திருக்க மாட்டார்.

திருப்பி எழுதப் பழக ஒரு எளிய வழி சொல்கிறேன். முதல் பிரதியை எழுதி ஒரு வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடம், வாய் தடுக்குகிற இடம், உங்களுக்கே அலுப்புத் தட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் அந்தக் கொப்பியை மூடிவிட்டு வேறு தாளில் முதல் வரியிலிருந்து எழுதுங்கள். பழையதைப் பார்த்து எழுதினால் பழைய வசனங்களே வந்து உட்காரும். பார்க்காமல் எழுதும்போது முக்கியமானவை மட்டும் நினைவில் மேலே வரும். நினைவுக்கு வராதவற்றில் பெரும்பாலானவை தேவையில்லாதவை.

எதைத் தேடித் திருத்துவது என்று கேட்பவர்களுக்கு நான் பவணந்தி முனிவரின் நன்னூலைக் காட்டுவேன். ஏறத்தாழ எண்ணூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட அதன் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்கவைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற பட்டியல் இது. உண்மையில் திருத்தும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்த தாள் நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம். இளையவர்களிடம் அதிகம் காண்பது மிகைபடக் கூறல். பல வருடம் எழுதியவர்களிடம் காண்பது மற்றொன்று விரித்தல்; அவர்களுக்கு நிறையத் தெரியும், தெரிந்ததை விட மனம் வராது. கோணேசர் கோயில் தேரைப் பற்றி எழுதத் தொடங்கி, 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது, கோட்டை கட்டியது, ஒல்லாந்தர் வந்தது என்று போய்த் தேருக்குத் திரும்பும்போது இடம் முடிந்துவிடும். சென்று தேய்ந்து இறுதல் இரு பகுதியினரிடமும் உண்டு. முதல் பந்தியில் முழு மூச்சும் போகும், கடைசிப் பந்தி "எனவே நாம் அனைவரும்" என்று தொடங்கும்.

ஆனால் இந்தப் பத்தையும் முதல் பிரதி எழுதும்போதே மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வசனம் எழுதி அதைத் திருத்தி, மறுபடி திருத்தி, ஒரு மாலை முழுவதும் முதல் பந்தியிலேயே நிற்பவர்கள் இருக்கிறார்கள். எழுதும் வேளை வேறு, சோதிக்கும் வேளை வேறு.

அடுத்தது, கடன் வாங்கிய வசனங்கள். திருகோணமலையைப் பற்றி எனக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "இயற்கை எழில் கொஞ்சும்" என்று தொடங்குகின்றன. இரண்டாம் வரியில் இயற்கைத் துறைமுகம் வரும், மூன்றாம் வரியில் கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டு. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் எழுதியவர் எதையும் பார்க்கவில்லை, கேட்டதை அடுக்கியிருக்கிறார். அதே பிள்ளை தினமும் கரைவலை இழுக்கிற இடத்தைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போகிறது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடப்பது, வலையின் மடி கரையை நெருங்கும்போது எல்லாருடைய குரலும் மாறுவது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து மீனைப் பார்க்கும் பார்வை, காகங்கள், இவை எல்லாம் அந்தப் பிள்ளையின் கண்ணில் இருக்கின்றன. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் நிற்பதும் இருக்கிறது. கட்டுரை என்றதும் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு யாரோ எழுதிய வசனத்தை எடுக்கிறது. இந்தப் பழக்கம் இருபது வயதுக்கு முன் போகவில்லையென்றால் பிறகு போவது கடினம், ஏனென்றால் அதற்குப் பாராட்டும் கிடைத்துவிடுகிறது.

கதை எழுதுபவர்களிடம் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. ஆலங்கேணியில் நடக்கிற கதையில் அம்மா மகனிடம் "இன்னாடா, எங்கடா போயிட்டு வர்ற?" என்று கேட்கிறார். சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் பார்த்துப் பார்த்துக் கதை என்றால் ஆட்கள் அப்படித்தான் பேச வேண்டும் என்று காது நம்பிவிட்டது. வீட்டில் அந்த அம்மா "எங்கயடா போட்டு வாறாய்?" என்றுதான் கேட்டிருப்பார். தம்பலகாமத்து வயற்காரர், கிண்ணியாவில் "வாப்பா" என்று தகப்பனைக் கூப்பிடும் பிள்ளை, மூதூர்க் கரையில் தோணி தள்ளுபவர், இவர்கள் ஒவ்வொருவரும் கதைக்கிற விதம் வேறு. மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினம் கொட்டியாரக் கரை மனிதர்களைத் தம் கதைகளுக்குள் கொண்டுவந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நமக்கு முன்னே ஒரு பாதை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது போனை மடியில் வைத்துவிட்டு, பின் இருக்கையில் கதைப்பவர்களைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஐந்து வரி, கேட்டபடி எழுதுங்கள். ஒரு வருடத்தில் உங்கள் உரையாடல் மாறிவிடும்.

பிடித்த எழுத்தாளரைப் போல எழுதிப் பார்ப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். ஒருவரையே வாசித்து, ஒருவரைப் போலவே பல வருடம் எழுதுவதுதான் தவறு. வேறு ஆட்களை, முக்கியமாக உங்களுக்கு இலகுவில் பிடிக்காதவர்களை, வாசியுங்கள்.

இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வல்லினம் மிகும் இடங்கள், "படகுகள் நின்றது" போன்ற ஒருமை பன்மைப் பிழைகள், நீண்ட வசனத்தின் நடுவில் எழுவாய் மாறிப்போவது, இந்த மூன்றையும் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். "பிறகு பார்ப்போம்" என்று விட்டவர்கள் ஐம்பது வயதிலும் அதே பிழையை விடுகிறார்கள்.

சரி, எழுதியதை யாரிடம் காட்டுவது? நண்பரிடம் கொடுத்து "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். நட்பு அப்படித்தான் பதில் சொல்லும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "எந்த இடத்தில் போனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது?" "இதில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லிக்காட்ட முடியுமா?" இந்த இரண்டு கேள்விக்கும் முகத்துக்காகப் பதில் சொல்ல முடியாது. அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். வாசகரின் பக்கத்தில் இருந்து விளக்க நீங்கள் போக முடியாது, பக்கத்தில் இருப்பது அந்தத் தாள் மட்டுமே. முடிந்தால் உங்கள் ஊரைச் சேராத ஒருவரிடமும் கொடுங்கள். நகரத்தில் இருப்பவர் புல்மோட்டை ஆளிடம், தமிழர் முஸ்லிம் நண்பரிடம், முஸ்லிம் தமிழ் நண்பரிடம். நமக்குத் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு அங்கேதான் உடையும்.

கடைசியாக, பழைய எழுத்தை எறிந்துவிடுவது. வெட்கத்தில் எறிகிறார்கள், பத்து வருடம் முன் எழுதியதைப் பார்க்கக் கூசுகிறது என்கிறார்கள். கூசுகிறது என்றால் இன்று உங்களுக்கு அன்று தெரியாத ஏதோ தெரிகிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க அந்தப் பழைய தாள் வேண்டும். கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி, ஊர் திரும்பும் கப்பல் பயணத்தில் தன் அனுபவத்தை எழுதினார். அறிவியலாளர் ரொபர்ட் ஹூக்கின் உதவியோடு 1681இல் அது இலண்டனில் நூலாக வந்தது. நொக்ஸ் அதோடு விடவில்லை. இடையிடையே வெற்றுத் தாள் வைத்துக் கட்டிய ஒரு பிரதியில், தன் அச்சான எழுத்துக்குப் பக்கத்திலேயே பின்னாளிலும் எழுதிச் சேர்த்துக்கொண்டு வந்தார். பழைய எழுத்தோடு எப்படி வாழ்வது என்பதற்கு நம் கரையோடு சேர்ந்த உதாரணம் அது. ஒவ்வொரு பிரதியிலும் திகதி போடுங்கள், பக்கத்தில் இடம் விடுங்கள்.

எறியாமலே இழந்தவர்களும் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். 1990இல் போரால் வீட்டை விட்டு ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள், 2006இல் மறுபடியும் போரால் மூதூரிலிருந்து நடந்தே வெளியேறியவர்கள். பத்திரங்களோடு கொப்பிகளும் போயின. ஆகவே ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பது நமக்குச் சின்னத் தவறு அல்ல. கையால் எழுதியதைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். முன்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், உங்கள் பிள்ளைகளால் திறந்து வாசிக்க முடியாது. மாற்றியதும் ஒரு தடவை முழுக்க வாசித்துப் பாருங்கள், சில எழுத்துகள் இடம்மாறி வரும். இன்னொரு பிரதியை வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.