அலையாத்தி ஓடைக்குள் கயாக்: ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றத்துக்குள் சிக்காமல் வெளியே வருவது எப்படி?

கயாக்கில் நேராகப் போகவும் பின்னோக்கி வரவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது பழகவில்லை என்றால், முதலில் அமைதியான நீரில் பழகிவிட்டு வாருங்கள்.

படி 1: நேரம் குறிப்பது

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அன்று உச்ச ஏற்றம், அதாவது கடல்நீர் ஓடைக்குள் மிக உயரமாக ஏறி நிற்கும் நேரம், காலை 9 மணி. நீர் நிறைந்திருக்கும்போது போவதுதான் நல்லது என்று நினைத்து 9 மணிக்கே ஓடைக்குள் நுழைந்தேன். திரும்பி ஓடையின் வாய்க்கு (ஓடை தொடங்கும் இடத்துக்கு) வந்தபோது மணி 12.30. நுழையும்போது நீருக்கடியில் இருந்த சேற்றுத் திட்டு, மூச்சு வேர்களும் சிப்பிகளுமாக வெளியே தெரிந்தது. பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் கடைசி வற்றம். அதன் பிறகு நீர் ஏறி, பழைய மட்டத்துக்கு வர மாலை 6 மணி ஆகிவிட்டது. ஐந்தரை மணி நேரம் கயாக்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீர் ஒரே சீராக வற்றுவதில்லை. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2 பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் 3 பங்கு வீதம் இறங்கும். முதல் மணியில் ஒன்றும் குறையாததுபோல் இருக்கும். மூன்று மணி நேரத்தில் பாதி போயிருக்கும்.

ஆகவே உச்சத்துக்கு 2 மணி நேரம் முன்பே நுழையுங்கள். அந்த நேரத்தில் திட்டைத் தாண்டப் போதுமான நீர் இருந்தால், உச்சத்துக்குப் பின் ஏறக்குறைய 2 மணி நேரம் வரை அதே நீர் இருக்கும். நான் ஒரு மணி நேரத்தை மிச்சம் வைத்து, உச்சம் கழிந்து 1 மணி நேரத்துக்குள் ஓடை வாயைத் தாண்டிவிடுகிறேன். உச்ச நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்; போன வாரக் குறிப்பு உதவாது. முதல் பயணத்துக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்களே ஏற்றவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதி, நீரோட்டமும் வேகம்.

படி 2: சாமான்கள்

காற்றடைத்த கயாக் வேண்டாம். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பு கத்திபோல் கிழிக்கும். மேலே உட்காரும் வகையில், கெட்டி பிளாஸ்டிக்கில், 3 மீட்டர் நீளத்துக்குள் இருப்பதையே எடுப்பேன். குறுகிய இடத்தில் திருப்ப முடியும். துடுப்பு இரண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். வேர்கள் இருபுறமும் நெருங்கும் இடத்தில் முழுத் துடுப்பை வீசவே முடியாது. பாதியைக் கழற்றி ஒற்றைத் துடுப்பாகப் போட்டால் சுலபமாக நகரலாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டே ஆக வேண்டும், விசிலும் அதிலேயே கட்டியிருக்க வேண்டும்.

படி 3: கப்பல் தடத்தைக் கடப்பது

ஓடைக்குப் போகும் வழியில் கப்பல் தடம் குறுக்கிட்டால் இதைக் கவனியுங்கள். பெரிய கப்பலைச் செலுத்தும் தளத்திலிருந்து பார்ப்பவருக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பில் ஒரு பகுதி தெரியாது. 500 மீட்டர் வரை மறைவதைச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. உங்களைப் பார்த்திருப்பார்கள் என்று ஒருபோதும் நம்பாதீர்கள். 1972ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, குறுகிய தடத்தை விட்டு விலக முடியாத கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைவான கலம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஒதுங்க வேண்டியது நாம்தான். தடத்தைச் சாய்வாக அல்லாமல் குறுக்கே நேராக, நிற்காமல் கடந்துவிடுங்கள். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அந்தக் கப்பலுக்குச் சந்தேகம், உடனே விலகுங்கள். இழுவைப் படகுக்கும் அது இழுத்து வரும் மிதவைக்கும் நடுவே புகவே கூடாது, இடையில் கம்பி வடம் நீருக்குள் கிடக்கும். கப்பல் போன பிறகு வரும் அலைக்குக் கயாக்கின் மூக்கைத் திருப்பிக் கொடுங்கள்.

படி 4: ஓடை வாயில் ஆழம் அளந்து பார்ப்பது

திட்டின் மேல் வந்ததும் துடுப்பை நெட்டுக்குத்தாக இறக்குங்கள். அலகு (துடுப்பின் தட்டையான பகுதி) முழுவதும் மூழ்கினால் நல்லது. தரை தட்டினாலும் இறங்கி நடக்காதீர்கள், சேறு காலை விடாது. கடிகாரத்தைப் பார்த்து, திரும்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: உள்ளே

ஏற்றம் தானே கொண்டுபோகும், துடுப்பைத் திசை மாற்ற மட்டும் போட்டால் போதும். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் தாங்கு வேர்கள் வில்போல் வளைந்து நீருக்குள் இறங்கும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். மரம் வெளியே தள்ளிய உப்பு கரிக்கும். நீரோட்டம் கயாக்கைப் பக்கவாட்டில் வேர்மேல் தள்ளினால், வேரை நோக்கிச் சாயுங்கள். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீர் கயாக்கின் மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். கிளையைப் பிடித்து நிற்பதும் கவிழ வழி. முதலை உள்ள பகுதியா என்பதை அங்கே மீன்பிடிப்பவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், "உள்ளே நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் திரும்பவில்லை" என்று எழுதினார். நல்ல வேளை, திட்டை உரசிக்கொண்டு வந்துவிட்டார். நீளமான ஓடைகளில் உள்பகுதிக்கு ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். உதிர்ந்த இலை இன்னும் உள்நோக்கி மிதக்கும்போதே ஓடை வாயில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். நானும் அன்று அந்த இலையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். குறித்த நேரம் வந்தால், எதிர் ஓட்டமானாலும் துடுப்புப் போட்டுத் திரும்புங்கள்.

இன்னொருவருக்கு உச்ச ஏற்றத்தில் கிளைகள் தலையில் தட்டியிருக்கின்றன. நீர் ஏற ஏறத் தலைக்கு மேல் இடம் குறையும். குனிந்தும் போக முடியாத இடத்தில் கயாக்கைத் திருப்பப் பார்க்காமல், போனபடியே பின்னோக்கித் துடுப்புப் போட்டு அகலமான வளைவு வரை வாருங்கள்.