ஆங்கிலக் கதையில் ஜெர்மன் பட்டங்களை எழுதும் முறை

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றுக்கு 1930-களில் வந்து சேரும் ஜெர்மன் மருத்துவரை வைத்து ஆங்கிலத்தில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். பட்டம் தவறினால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் தொழிலையும் விளிப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குத் தொழில் பெயர் ‘ஆர்ட்ஸ்ட்’. ஆனால் நோயாளி கூப்பிடுவது ‘ஹெர் டாக்டர்’. நாம் ‘கலெக்டர் ஐயா’ என்கிறோமே, அதே மாதிரிதான். அங்கே மரியாதைச் சொல் முன்னால் வரும். பெண் மருத்துவர் ‘ஃப்ராவ் டாக்டர்’. அந்தக் காலத்தில் டாக்டரின் மனைவியையும் அப்படியே அழைத்தார்கள். என் கதையில் ஒரு முழு அத்தியாயமே இந்த வழக்கத்திலிருந்து பிறந்தது.

‘ஃப்ராய்லைன்’ மணமாகாத பெண்ணுக்கு. மேற்கு ஜெர்மனி அரசு அலுவலகங்கள் 1972-லேயே இதைக் கைவிட்டுவிட்டன. இன்றைய கதையில் வேண்டாம்.

அப்புறம் படைப் பதவிகள். ‘ஹாப்ட்மன்’ கேப்டன், ‘ஓபர்ஸ்ட்’ கர்னல். இரண்டாம் உலகப் போர்க் கதை என்றால் கவனம் தேவை: ராணுவத்தில் ‘ஹெர் ஓபர்ஸ்ட்’ என்பார்கள், நாஜிக் கட்சியின் தனிப் படையான எஸ்.எஸ்.-ல் ‘ஹெர்’ கிடையாது, வெறும் பதவிப்பெயர்தான். அந்த ஒரு சொல்லைத் தவறாகச் சேர்த்தாலும் விவரம் தெரிந்தவருக்குக் காட்சியே பொய்யாகிவிடும்.

கதைசொல்லி பேசும் இடத்தில் நான் ‘கர்னல்’ என்றே எழுதுகிறேன். பாத்திரம் வாய் திறந்தால் மட்டும் ‘ஹெர் ஓபர்ஸ்ட்’.