அமெரிக்காவில் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி கேட்பது எப்படி: முதல் கடிதம் முதல் ஐ.இ.பி. கூட்டம் வரை

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, எழுத்துக் கூடவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிடம் கேளுங்கள். தகுதியுள்ள பிள்ளைக்கு 3 வயதிலிருந்தே இலவசமாகச் சிறப்புக் கல்வி தர வேண்டும் என்கிறது ஐ.டி.இ.ஏ. (IDEA) என்ற மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம். எப்படித் தருவது என்று முடிவெடுக்கும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்.

முதலில், எழுதிக் கேளுங்கள். நான் வகுப்பு வாசலில் நின்று வாயால்தான் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றே ஒரு வருடம் போய்விட்டது. மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: "என் மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பீடு செய்யுங்கள். காரணம் இது." மறுத்தால் அதற்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும்.

அடுத்து ஒப்புதல் படிவம் வரும். கையெழுத்துப் போட்ட படிவம் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். சில மாநிலங்களில் கணக்கு வேறு. நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதை மறக்காமல் சொல்லுங்கள். "அம்மா, தண்ணி வேணும்" என்று கேட்கிற பிள்ளை, ஆங்கிலத்தில் கேட்டால் வாயே திறக்காமல் இருக்கலாம். முடிந்தவரை பிள்ளைக்கு வரும் மொழியிலேயே மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஒரு வாரம் அவன் பேசும் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஐ.இ.பி. கூட்டம். ஐ.இ.பி. (IEP) என்பது பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம். மதிப்பீட்டு அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் முன்பே சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. பிள்ளையை நன்கு அறிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்.

அங்கே திட்டத்தில் எழுதியிருக்கும் இலக்குகளை உற்றுப் பாருங்கள். "பேச்சு மேம்படும்" என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். "10 முறையில் 8 முறை இரண்டு சொல் சேர்த்துத் தனக்கு வேண்டியதைக் கேட்பான்" என்று இருந்தால்தான் அளக்க முடியும். யார், வாரத்துக்கு எத்தனை நிமிடம் சொல்லித் தருவார்கள் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஒப்புதல் இல்லாமல் முதன்முறை சேவையைத் தொடங்க முடியாது. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளியாள் மதிப்பீடு கேட்கலாம். பெற்றோருக்கு வழிகாட்டும் மையம் மாநிலத்துக்கு ஒன்றாவது உண்டு, தயங்காமல் கூப்பிடுங்கள்.

அன்று இரவே கூட்டத்தில் பேசியதை நாலு வரியில் எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடம் மறுபரிசீலனைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.