பாலூட்டிகளைப் பெரும்பிரிவுகளாக வகைப்படுத்துவது எப்படி?

முள்ளம்பன்றி, முள்ளெலி, ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் எக்கிட்னா ஆகிய மூன்றின் உடலையும் முட்கள் மூடியிருந்தாலும், வகைப்பாட்டில் மூன்றும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஆகவே, ஒரு பாலூட்டியை வகைப்படுத்தும்போது தோற்றத்தை ஒதுக்கிவைத்து, அது எவ்வாறு இனப்பெருக்கம் செய்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்பாக, அது பாலூட்டிதானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பால் சுரப்பி, உரோமம், நடுக்காதில் மூன்று சிற்றெலும்புகள் ஆகியவை முதன்மையான அடையாளங்கள். திமிங்கிலத்தில் உரோமம் ஏறக்குறைய மறைந்துவிட்டாலும் மற்ற இரண்டும் இருக்கின்றன.

முட்டையிடுமானால் அது மோனோட்ரீம் பிரிவைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும், வாத்தின் அலகு போன்ற வாயுடைய பிளாட்டிபஸும் நான்கு எக்கிட்னா இனங்களும் மட்டுமே இப்பிரிவில் இன்று எஞ்சியுள்ளன. இவற்றுக்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலையே குஞ்சுகள் நக்கிக் குடிக்கின்றன.

வளர்ச்சி முற்றுப்பெறாத குட்டியை ஈன்று, அதைப் பெரும்பாலும் பாலூட்டியே வளர்த்தெடுப்பவை பைப்பாலூட்டிகள். சிவப்புக் கங்காரு சுமார் 33 நாட்களிலேயே ஈன்றுவிடும் குட்டி ஓர் அவரை விதையளவுதான் இருக்கும். இங்கே பையை மட்டும் தேடினால் தவறு நேரும். பைப்பாலூட்டிகள் அனைத்துக்கும் முழுமையான பை இல்லை, முட்டையிடும் எக்கிட்னாவுக்கோ இனப்பெருக்கக் காலத்தில் தற்காலிகமாக ஒரு பை தோன்றுகிறது.

எஞ்சியவை, கருப்பையில் நஞ்சுக்கொடி வழியே ஊட்டம் பெற்று நன்கு வளர்ந்த குட்டியை ஈனும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள். இன்றுள்ள பாலூட்டி இனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இவையே என்பதால், இவற்றை மேலும் பிரிக்கப் பல்லையும் பாதத்தையும் பார்க்க வேண்டும். எலி, அணில் போன்ற கொறிணிகளின் மேல்தாடையில் வாழ்நாள் முழுதும் வளரும் ஒரு சோடி வெட்டுப்பற்கள் உண்டு. முயலுக்கோ அந்தச் சோடியின் பின்னால் இன்னொரு சிறு சோடி இருப்பதால் முயல் தனி வரிசையில் (வகைப்பாட்டில் குடும்பத்துக்கு மேலுள்ள பிரிவில்) வைக்கப்படுகிறது. குளம்புள்ள விலங்குகளில், உடலின் எடையை நடுவிரல் தாங்கினால் அது குதிரையும் காண்டாமிருகமும் அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகளைச் சேரும். மூன்றாம், நான்காம் விரல்கள் சமமாகத் தாங்கினால் மாடும் மானும் அடங்கிய இரட்டைப்படைக் குளம்பிகளைச் சேரும்.

இருப்பினும், உடலமைப்பு காட்டும் உறவை மரபணுவோடு ஒப்பிடாமல் முடிவுசெய்யக் கூடாது. மரபணு ஆய்வுகளின்படி திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. எறும்புகளைத் தின்று வாழும் அழுங்கு, தென் அமெரிக்க எறும்புண்ணியைவிடப் பூனைக்கும் நாய்க்குமே நெருக்கமானது. மடகாஸ்கரில் வாழும் டென்ரெக்குகளுள் சில பார்வைக்கு அப்படியே முள்ளெலிதான். நெடுங்காலம் முள்ளெலியோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்த டென்ரெக்குகள், இப்போது யானையும் கடற்பசுவும் அடங்கிய ஆப்பிரிக்கப் பெருங்கிளையில் சேர்க்கப்பட்டுள்ளன.